மிஞ்சி வட்டம்

கண்ணாடிக்குள் மணி ஒன்று இருபத்தைந்து, அப்படியென்றால் வெளியே பத்து முப்பத்தைந்து. இருளப்பன் தன் சலூன் கடிகாரத்தை நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டி வைத்த புண்ணியத்தில், சவரத்துக்கு உட்கார்ந்தவனெல்லாம் நேரத்தைத் திருப்பிப் போட்டுத்தான் படித்தாக வேண்டும். சாத்தூர் தந்தி ஆபீசில் முப்பத்தோரு வருஷம் புள்ளியும் கோடுமாகத் தட்டித் தீர்த்த பூசைத்துரைக்கு அது ஒரு வித்தையே இல்லை, ஆனால் இன்றைக்கு அந்தப் பெரிய முள் பின்பக்கமாக நகர நகர அவர் ஒவ்வொரு கோடாக எண்ணிக்கொண்டிருந்தார். முள் இன்னும் இருபத்தைந்து கோடு பின்னால் வந்தால் கண்ணாடியில் ஒரு மணி. கண்ணாடியில் ஒன்று என்றால் வெளியே பதினொன்று. பதினொன்று என்றால் கோயம்புத்தூரில் வெயிலுகந்தாள் மேடை ஏறிவிடுவாள். அவர் பெற்ற ஒரே மகள், கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருகிறவள், ஆறு வருஷமாக அப்பாவோடு ஒரு சொல் பேசாதவள். அந்த மேடையில் ஏறி, அந்த அப்பா கூசாமல் அடித்துவிட்ட ஒரு பொய்யை, பொய் என்று தெரியாமல், கல்வெட்டுப் படித்தே தலை நரைத்தவர்கள் முன்னால் சத்தியம் மாதிரிச் சொல்லப் போகிறாள். கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தபோதுதான் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துப் பார்த்தால் பதிப்பாளர் கனகசுந்தரம், ஓர் அழைப்பிதழ் படமும் அடியில் நாலு வரியும். ‘அண்ணாச்சி, உங்க ஏழாம் அத்தியாயம் இன்னைக்கு மேடை ஏறுது, அதுவும் மக வாயாலயே, சந்தோஷந்தானே?’ சந்தோஷம். சிறப்புரை, முனைவர் பூ. வெயிலுகந்தாள், தலைப்பு ‘மிஞ்சி வட்டம்: சுழியைக் கண்ட தமிழ்ப் பெண்’, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் கல்வெட்டுப் பதிவு எண் 407, முன்னிலை என்று போட்டு வரிசையாக ஐந்து கல்வெட்டு அறிஞர்கள். படித்து முடிக்கவும் கை தானாகக் கைப்பேசியைப் பைக்குள் போட்டுத் துணிக்குள் ஒளிந்துகொண்டது. “அசையாதீக அண்ணாச்சி, கத்தி கழுத்துக்கிட்ட நிக்குது” என்றான் இருளப்பன். கத்தி எங்கே நின்றால் என்னடா, இனிமேல்.

அவள் கையில் கிடைத்தது இரண்டாவது பதிப்பாக இருக்காது, மூன்றாவதாக இருக்கும், முதல் பதிப்பு அவ்வளவு தூரம் போயிருக்காது என்று மனசு சம்பந்தமில்லாமல் எதையோ பிடித்துக்கொண்டது, வெள்ளத்தில் போகிறவன் வாழைமட்டையைப் பிடிக்கிற மாதிரி. ‘சுழி பிறந்த ஊர்’ என்று அந்தப் புத்தகத்துக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். ஓய்வு பெற்ற தந்திக்காரனுக்கு எதற்குச் சைபரின் வரலாறு என்று ஊரே கேட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பூசைத்துரையைப் பூஜ்யத்துரை என்று கூப்பிட்டார், அந்தக் கோபம் என்று ஒருவரிடம். இந்த உலகத்திலேயே தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் நிற்கிறவனைப் பத்து மடங்காக்குகிற ஒரே ஆள் அவன்தான், அவனைப் பற்றி எழுதாமல் வேறு யாரைப் பற்றி எழுத என்று இன்னொருவரிடம். இந்த இருளப்பனிடம்கூட ஒன்று சொல்லியிருக்கிறார், உச்சந்தலையில் இரட்டைச் சுழி இருக்கிறதே அண்ணாச்சி, இரட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம் என்பார்களே, உங்களுக்கு ஏன் பலிக்கவில்லை என்று அவன் கேட்டபோது, “யாருடா சொன்னது, ரெண்டாந்தாரம்தான் சைபரு, அவளுக்குத்தான் புத்தகமே எழுதிக்கிட்டிருக்கேன்.” அப்போது மனைவி ஆவுடைத்தங்கம் உயிரோடு இருந்தாள். இந்த வேடிக்கையைக் கேட்டு வீட்டில் இரண்டு நாள் அவரைச் சக்களத்தி புருஷன் என்றே கூப்பிட்டாள். நல்ல புத்தகம்தான், சத்தியமாக நல்ல புத்தகம், ஆறு அத்தியாயமும் எட்டாவதும் ஒன்பதாவதும். பாபிலோன்காரன் ஈரக் களிமண்ணில் காலியிடத்துக்கு இரண்டு ஆப்புக் கீறி வைத்ததிலிருந்து, மாயர்கள் சிப்பி வரைந்ததிலிருந்து, குவாலியர் கோயில் சுவரில் இருநூற்றெழுபதின் கடைசியில் குட்டியாக நிற்கிற வட்டத்திலிருந்து, பிரம்மகுப்தர் ஒன்றுமில்லாததற்கும் கூட்டல் கழித்தல் விதி எழுதியதிலிருந்து, அரபிக்காரர்கள் அதற்கு சிஃபர் என்று பெயர் வைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பியது வரைக்கும் ஒவ்வொரு வரியையும் நாலு புத்தகத்தோடு ஒட்டிப் பார்த்துத்தான் எழுதினார். சைபரைப் பற்றி ஊர் உலகத்தில் வந்த புத்தகங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான், இதே ஊர்கள்தான், இதே வரிசைதான். தந்தி ஆபீஸ் ஒழுக்கம் அப்படி, வந்ததை வந்தபடி அனுப்ப வேண்டும், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. பொய்யெல்லாம் ஆபீஸ் விட்ட பிறகுதான். ஆபீஸ் விட்ட பிறகு அவர் விட்ட பொய்களை அடுக்கினால் வைப்பாற்றுக்கு ஒரு கரையே கட்டலாம்.

எட்டுப் பக்கம். அந்த எட்டுப் பக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால். கனகசுந்தரம் சிவகாசியிலிருந்து போன் பண்ணினான், “அண்ணாச்சி, பதினாறு பக்கம் சேர்ந்தாத்தான் ஒரு பாரம், உங்க புத்தகம் கடைசிப் பாரத்துல எட்டுப் பக்கம் மொட்டையா நிக்குது, வெள்ளையா விட்டா அச்சகத்துக்காரன் சிரிப்பான், எதையாச்சும் எழுதிக் குடுங்க, சைபர்தானே, அதுல எழுத விஷயமா இல்லை?” காலியிடத்தைக் காலியாகவே காட்டுவதற்காக மனுஷன் கண்டுபிடித்த குறியைப் பற்றி நூற்றறுபத்தெட்டுப் பக்கம் எழுதின ஆள், எட்டுப் பக்கம் காலியாக விடலாம் என்று ஒரு கணம் நினைத்திருக்க வேண்டாமா, நினைக்கவில்லை, அன்றைக்குக் கையில் என்ன இருந்தது, ஒரு குயர் நோட்டும் ஆஸ்பத்திரி நாற்காலியும். எழுதினார். சுழிக்குளம் என்று ஒரு கண்மாயை வெட்டினார். அதிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட ஒரு குமிழி மடை வைத்தார். மடையில் நீர்முறை காக்கிற பெண்ணாகக் குமிழிநாச்சியை நிறுத்தினார். எந்த வயலுக்கு எத்தனை முறை தண்ணீர் விட்டது என்று அவள் மடைக்கல்லைச் சுற்றின ஈரக் களியில் கோடு கீறி வைப்பாள். ஒரு பஞ்சத்து வருஷம் ஒரு முறை கூடத் தண்ணீர் வரவில்லை. கோடே இல்லாவிட்டால் நாளைக்கு வருகிறவன் அவள் குறிக்க மறந்துவிட்டாள் என்பான். மறக்கவில்லை, பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, அதை எப்படிச் சொல்வது? காலை நீட்டி விரலிலிருந்த மிஞ்சியைக் கழற்றிக் களியில் அழுத்தினாள். வட்டம். எல்லாம் போக மிஞ்சியது மிஞ்சி என்று எழுதிவிட்டுத் தன் வாக்கியத்தைப் பார்த்துத் தானே புல்லரித்துக்கொண்டார், கிழட்டுக் கழுதை. பிறகு அந்த வட்டத்தை யாரோ ஒரு தச்சன் கல்லில் வெட்டினான், பிறகு ஒரு வெள்ளத்தில் மடை உடைந்து கல் காணாமல் போனது, ஏனென்றால் கம்போடியாவில் ஒரு சைபர்க் கல் உண்மையாகவே காணாமல் போய்ப் பல வருஷம் கழித்துக் கிடைத்திருக்கிறது, அதைப் படித்த நாளிலிருந்து அவருக்கும் ஒரு கல்லைத் தொலைக்க ஆசை. தொலைந்த கல்லை யார் போய்ச் சரிபார்க்க முடியும்? பொய் சொல்லத் தெரிந்தவன் சாட்சியைக் கடைசிப் பத்தியில் ஆற்றோடு அனுப்பிவிடுவான். அதோடு நின்றிருந்தால் கதை என்று போயிருக்கும். ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடியில் ஒரு குறிப்பு எழுதினாரே. கல்வெட்டுப் பதிவு எண் 407. அங்கேதான்.

“தலையை லேசாச் சாய்ங்க. இன்னைக்கு என்ன அண்ணாச்சி, வாயத் தொறக்கக் காணோம்? போன மாசம் சொன்னீகளே, திருச்சுழி ஸ்டேசன் மாஸ்டர் வளத்த கீரி ரயிலுக்குக் கொடி காட்டுச்சுன்னு, அதுல பாதியில விட்டுட்டீக.” கண்ணாடியில் ஒன்று பதினெட்டு. பத்து நாற்பத்திரண்டு. கீரி. கீரிக்கு என்ன ஆனது என்று அவருக்கே மறந்துவிட்டது. மகளுக்குச் சொன்னவை மட்டும் ஒன்றும் மறக்கவில்லை. தந்திக் கம்பியில் வந்து உட்காருகிற கரிச்சான் கம்பிக்குள் போகிற சொல்லைக் கொத்தித் தின்றுவிடும், அதனால்தான் தாயி ‘வரவேண்டாம்’ என்று அனுப்பினால் சில வீட்டுக்கு ‘வர’ என்று போய்ச் சேருகிறது. ஆறு வயசு. கம்பியைப் பார்த்துக் கல்லை விட்டெறிந்துகொண்டே பள்ளிக்கூடம் போனாள், யார் வீட்டுச் சொல்லையும் தின்னக் கூடாது என்று. பத்து வயசில் கேட்டாள், அப்பா நீங்க சொல்றதுல எது நெசம், எது பொய், நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? அவளை மடியில் இருத்தி ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து பக்கத்தின் அடியில் பொடி எழுத்தைக் காட்டி, “மேல எவனும் எதையும் எழுதுவான் தாயி, கீழ இருக்கு பாரு, அடிக்குறிப்பு, அது சாமி உக்காருற எடம், அதுல மட்டும் யாரும் பொய் எழுத மாட்டாக” என்றார். அந்தப் பிள்ளை அதை நம்பிற்று. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்தைந்து வயசு, மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறது, டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறது, அப்பன் வாயிலிருந்து வருகிற எதையும் நம்புவதில்லை என்று ஆறு வருஷமாக வைராக்கியமாக இருக்கிறது, ஆனால் புத்தகத்தின் அடிக்குறிப்பை நம்பிவிட்டது. அந்த எண்ணை எடுத்து அழைப்பிதழிலேயே அச்சடித்து வைத்திருக்கிறது. ஐந்து பேரில் ஒருவர் எழுந்திருப்பார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் ஆரம்பிப்பார், அம்மா, ஒரு சின்னச் சந்தேகம். பழைய தமிழ் எண் முறையில் பத்துக்கு ௰ என்று தனி எழுத்து, நூறுக்கு ௱ என்று தனி எழுத்து, ஆயிரத்துக்கு ௲. நானூற்றேழு என்றால் ௪௱௭, நாலு நூறு ஏழு, வாயால் சொல்கிறபடியே எழுத்தும் நிற்கிறது, நடுவில் காலியிடமே கிடையாது, காலியிடமே இல்லாத வரிசையில் உங்கள் குமிழிநாச்சி வட்டத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாள்? கூடம் சிரிக்கும். பெரிதாகச் சிரிக்காது, படித்தவர்கள் கூட்டம், மூக்கால் சிரிக்கும். அவள் தாளைப் புரட்டுவாள். ஏழாம் அத்தியாயத்தைப் புரட்டுவாள். அவளுக்கு அந்தக் கணத்தில் தெரிந்துவிடும், அவளுக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும், தாமதமாகத் தெரியும்படி பார்த்துக்கொள்வது யார்? இந்தச் சந்தேகம் அன்றைக்கு எழுதும்போதே அவருக்கு வந்ததுதான். வந்ததை எச்சிலோடு விழுங்கினார். யார் கேட்கப் போகிறார்கள் என்று.

நானூற்றேழு எங்கிருந்து வந்தது? அதுதான் தொண்டையில் நிற்கிறது, கத்தி அதன் மேல்தான் போய் வருகிறது. எழுதிக்கொண்டே வந்தவர் பதிவு எண்ணுக்கு ஓர் எண் வேண்டுமே என்று தலையை நிமிர்த்தினார், எதிரே கதவில் நீலத் தகடு, வெள்ளை எழுத்து, 407. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி, நாலாவது மாடி, கதவுக்கு உள்ளே ஆவுடைத்தங்கம். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தது. கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. நர்ஸ் வந்தாள், மிஞ்சி சதையில் பதிஞ்சிருச்சு அய்யா, வெட்டித்தான் எடுக்கணும் என்று ஒரு சின்னக் கத்தரிப்பான் கொண்டுவந்தாள், டக் என்று ஒரு சத்தம், வெள்ளி வெட்டுப்படுகிற சத்தம் இவ்வளவுதானா என்று இருந்தது. பஞ்சில் வைத்து அவர் கையில் கொடுத்தாள். வாய் பிளந்த வளையம். ஆவுடைத்தங்கம் கண்ணைத் திறந்து, “கெட்டியா வெச்சுக்கோங்க, ஊருக்குப் போய் ஒட்ட வெச்சுக்கலாம்” என்றாள். அவர் வராந்தாவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து அதைக் குயர் நோட்டில் வைத்துச் சுற்றிலும் பேனாவால் வரைந்தார், வெட்டின இடத்தில் மட்டும் கோடு சேராமல் நின்றது, சேராமல் நின்ற இடத்தைப் பார்க்கச் சகிக்காமல் பேனாவாலேயே இழுத்து மூடினார், மூடினால் வட்டம், வட்டம் என்றால் சைபர், சைபர் என்றால் எட்டுப் பக்கம், அப்படித்தான், அப்படியேதான், குமிழிநாச்சி காலை நீட்டியது அங்கேதான். வேறு எதையாவது நினைத்திருந்தால் அன்றைக்கு அவர் அந்த மாடியிலிருந்து கீழே குதித்திருப்பார், அதனால் ஒரு கண்மாயை நினைத்தார். மூன்றாவது பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் வந்தார். சின்ன வயசு டாக்டர், பூனை மாதிரி நடை. தோளில் கை வைத்து, “இனிமே ஒண்ணும் பண்றதுக்கு இல்லைங்க” என்றார். ஐந்தாவது பக்கத்தில் இருக்கும்போது கைப்பேசி. வெயிலுகந்தாள். “அம்மாவுக்கு எப்படிப்பா இருக்கு? டாக்டர் என்ன சொன்னாரு? பரீட்சைத் தாள் கெடக்கு, போட்டுட்டுக் கெளம்பி வரவா?” தந்திக்காரன் புத்தி. வந்த செய்தியைச் சுருக்குவதில் ஜில்லாவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இனிமே ஒண்ணும் பண்றதுக்கு இல்லைங்க. முதலில் இருந்ததை எடுத்தார், நடுவில் இருந்ததை எடுத்தார், இரண்டு முனையையும் இழுத்து ஒட்ட வைத்தார், வளையத்தை மூடின மாதிரி.

“ஒண்ணுமில்ல தாயி.”

அவ்வளவுதான் சொன்னார். அவள் தாளைத் திருத்திவிட்டு, மூன்றாம் நாள் சாவுச் செய்தி கேட்டுத்தான் வந்தாள். வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஆளெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாலாவது மாடிக்கு அவள் போகவே இல்லை. போயிருந்தால் நீலத் தகட்டைப் பார்த்திருப்பாள், பார்த்திருந்தால் பின்னாளில் அடிக்குறிப்பைப் படிக்கும்போது இது நம் அம்மா கிடந்த அறை என்று ஒரே பார்வையில் பிடித்திருப்பாள், எண்ணை மறக்கிற பிள்ளையா அது. முதல் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது பொய் செல்லாமல் போயிருக்கும். பதினாறாம் நாள் கழித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது ஒரே ஒரு தரம் திரும்பி, “ஒண்ணுமில்லைன்னீங்களேப்பா” என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. அவர் வாய் வரைக்கும் முழுத் தந்தியும் வந்தது. கரிச்சான் கொத்திக்கொண்டு போய்விட்டது. “வலது பக்கம் ரெண்டு தரம் இழுக்கணும், முடி கம்பியா இருக்கு, நல்லா ஊறட்டும்” என்று இருளப்பன் பிரஷ்ஷை மறுபடி குழைத்தான். கண்ணாடியில் ஒன்று ஒன்பது. இல்லை, எட்டு. அப்படியென்றால் பத்து ஐம்பத்திரண்டு. கூப்பிட்டுவிடலாம். கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். எடுக்க மாட்டாள் என்று எப்படித் தெரியும், ஆறு வருஷத்தில் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாயா? கனகசுந்தரத்தை விட்டுச் சொல்லச் சொல்லலாம், அந்தப் பயல் அதையும் விளம்பரமாக்கிவிடுவான். மின்சாரம் போகட்டும், கோயம்புத்தூர் முழுக்கப் போகட்டும். அந்த ஐந்து அறிஞரும் காலையில் தின்ற எதிலாவது பல்லி விழுந்திருக்கட்டும், சாகவேண்டாம், கேள்வி கேட்க முடியாமல் போனால் போதும். யாருமே கேட்காமல் கைதட்டிவிட்டால்? கைதட்டினால் இன்னும் மோசம், அவள் அதைப் புத்தகமாகப் போடுவாள், அதைப் படித்து இன்னொருத்தி போடுவாள், இல்லாத கல்லுக்கு மேல் கல்லாக அடுக்கிக்கொண்டே போவார்கள், என்றைக்காவது ஒருநாள் அடியில் ஒருவன் தட்டிப் பார்ப்பான். தட்டினால் உள்ளே ஒரு கிழவி கால் வீங்கிப் படுத்திருப்பாள். வேண்டாம், நல்லவிதமாகத்தான் நடக்கும் என்று ஒரு சொல் எழும்பியது. எழும்பின வேகத்தில் அது என்ன சொல் என்று தெரிந்துவிட்டது. ஒண்ணுமில்ல. ஒண்ணும் ஆகாது. மறுபடியும் அதேதான், அறுபது வருஷமாக ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறாய், பூஜ்யத்துரை. மேலே போர்த்தின வெள்ளைத் துணிக்கு அடியில் இரண்டு கையும் கைப்பேசியைத் தேடுவதைக் கண்ணாடியில் பார்த்தார், யாரோ ஒருத்தியின் வயிற்றில் பிள்ளை புரளுகிற மாதிரி துணி மேலெழும்பியது. “பொறு” என்றார். “பொறுடா இருளப்பா, கத்தியை எடு.” குரல் எப்படி வந்ததோ, அவன் இரண்டடி பின்னால் போய்விட்டான்.

அவள் எண் மனப்பாடம். கடைசி மூன்றும் சைபர், எண் வாங்கின காலத்தில் அப்பாவுக்காகவே பார்த்து வாங்கினேன் என்றாள். மூன்றாவது சைபரில் நுரை ஒட்டியது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு, ஏழு. நிற்கப் போகிறது, நின்றால் நல்லது, முயற்சி பண்ணினேன் என்று இருக்கும், எட்டு.

“ம்.”

பின்னால் பெரிய கூடத்தின் இரைச்சல், நாற்காலி இழுபடுகிறது, யாரோ ஒலிபெருக்கியில் ஹலோ ஹலோ ஒன் டூ த்ரீ என்கிறான், எவனும் சைபரிலிருந்து எண்ணி மைக்கைச் சோதிக்க மாட்டான், இந்த நேரத்தில் இது எதற்கு ஞாபகம் வருகிறது.

“உகந்தா.”

“சொல்லுங்க.” வயசாகியிருந்தது குரலுக்கு. ஆவுடைத்தங்கத்தின் குரலைப் பாதி தூரம் எட்டிவிட்டது. “என்னப்பா? என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல தாயி” என்றது வாய்.

சொன்னது அவரில்லை. கொட்டாவி மாதிரி, தும்மல் மாதிரி, தானாக வந்து விழுந்தது. கண்ணாடியில் பாதி முகம் வெள்ளையாக இருந்த ஒரு கிழவன் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தான். வைத்துவிடுவாள். இதோ வைத்துவிடுவாள். வைக்கவில்லை. மூச்சு கேட்டது.

“அம்மா விஷயத்துலயும் இதேதான் சொன்னீங்க” என்றாள். “நீங்க ஒண்ணுமில்லைன்னா என்னமோ ஒண்ணு இல்லாமப் போயிருச்சுன்னு அர்த்தம். இப்ப எது இல்லை? சொல்லுங்க. கரிச்சான் கொத்துறதுக்கு முன்னாடி சொல்லுங்க, எனக்கு நேரமில்லை.”

“கல்லு இல்ல தாயி.”

“எந்தக் கல்லு?”

“மடைக்கல்லு. ஏழாம் அத்தியாயம்.”

“வெள்ளத்துல போயிருச்சுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

“இருந்தாத்தானே போகும். கல்லும் இல்ல, கண்மாயும் இல்ல, குமிழிநாச்சியும் இல்ல. எட்டுப் பக்கம் காலியா நிக்குதுன்னான், நானா எழுதினேன்.”

ஒலிபெருக்கி கீச்சிட்டு அடங்கியது. “நானூத்தேழு?” என்றாள். மிக மெதுவாக. “அடிக்குறிப்புப்பா அது.”

“அம்மா கெடந்த ரூம் நம்பரு தாயி. நாலாவது மாடி. மிஞ்சி மட்டும் நெசம். அம்மாவோடது. கால் வீங்கி வெட்டி எடுத்தாக. பீரோவுல இருக்கு. ஒட்ட வைக்கல.”

இருளப்பன் தண்ணீர்க் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். கண்ணாடியில் முள் ஒன்று மூன்றில் நின்றது. அவள் அழவில்லை, அழுதிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பிறகு, “டாக்டர் என்னப்பா சொன்னாரு அன்னைக்கு? முழுசாச் சொல்லுங்க. ஒரு சொல் விடாம.”

“இனிமே ஒண்ணும் பண்றதுக்கு இல்லைங்கன்னாரு.” முப்பத்தோரு வருஷம் எத்தனையோ வீட்டுக்கு எத்தனையோ சாவை அனுப்பின கை, இப்போது நாற்காலியின் கைப்பிடியில் தானாகப் புள்ளியும் கோடும் தட்டிக்கொண்டிருந்தது. “நடுவுல இருந்ததை நான் விட்டுட்டேன்.”

“மேடம், நேரமாச்சு, வாங்க” என்று ஓர் ஆண் குரல் பக்கத்தில். அவள் கைப்பேசியைப் பொத்தி ஏதோ சொன்னாள். திரும்பி வந்தபோது குரல் உடைந்திருந்தது, கோபத்திலா எதிலா தெரியவில்லை. “நாப்பது நிமிஷப் பேச்சு. அதுல இருபது நிமிஷம் இதுதான். முன் வரிசையில அஞ்சு பேரு உக்காந்திருக்காங்க. இப்ப அந்த எடத்துல நான் என்னத்தப்பா வெக்கிறது?”

மூன்று பதில் வந்தது. ஒன்றன் பின் ஒன்றாக, அழைக்காமலே, விருந்துக்கு வருகிற மாதிரி வந்து நின்றது. வாய்மொழிக் கதை என்று சொல்லிவிடு தாயி, நாட்டார் மரபு என்று சொல்லிவிடு, ஒருவனும் வாயைத் திறக்க மாட்டான். இல்லாவிட்டால் கேரளத்தில் ஒரு ஓலைச்சுவடி என்று. இல்லாவிட்டால் மயக்கம் வந்த மாதிரி மேடையில் ஒரு கணம் சாய்ந்துவிடு, எல்லாரும் தண்ணீர் தெளிப்பார்கள். மூன்றும் நல்ல பதில், மூன்றும் பிழைக்க வைக்கிற பதில், மூன்றும் நாக்கின் நுனியில் ஈரமாக உட்கார்ந்திருந்தது. அவர் அவற்றை விழுங்கினார். நுரையும் கொஞ்சம் உள்ளே போனது, கசந்தது.

“தெரியல தாயி.”

“தெரியலையா” என்றாள். அவள் பிறந்ததிலிருந்து அவரிடம் கேட்டிராத பதில். அந்தப் பக்கம் யாரோ அவள் பெயரை ஒலிபெருக்கியில் முழுசாகச் சொன்னார்கள், முனைவர், பூ, வெயிலுகந்தாள், பூவுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, கைதட்டல் மழை மாதிரி வந்தது, அதற்குள் அவள் ஏதோ சொன்னாள், சரி என்றாளோ, சனியன் என்றாளோ, கைதட்டலில் பாதி போய்விட்டது. பிறகு லைன் போய்விட்டது. கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கண்ணாடிக்குள் மணி ஒன்று. இப்போது படி ஏறுவாள். இப்போது மைக்கைத் தன் உயரத்துக்கு இழுப்பாள். தாளை மேசையில் வைப்பாள், அதில் பாதித் தாளை எடுத்துக் கீழே வைப்பாளா, வைக்காமல் படிப்பாளா, வைத்துவிட்டு அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பாளா, நின்றால் எவ்வளவு நேரம் நிற்பாள், அந்த ஐந்து பேரும் என்ன முகம் காட்டுவார்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது, இங்கே வலது கன்னத்தில் நுரை காய்ந்து தோலை இழுத்தது, காதில் சும்மா ஒரு இரைச்சல், அதில் எந்தச் சொல்லும் இல்லை. இருளப்பன் கத்தியைத் தோல்பட்டையில் ஒரு தரம் இழுத்துவிட்டுக் கிட்டே வந்தான். முப்பது வருஷப் பழக்கம், இந்த மனுஷன் அழுது அவன் பார்த்ததில்லை, மனைவியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட வாசலில் யாருக்கோ ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவர். குனிந்து, பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டான்.

“என்ன அண்ணாச்சி? ஏதும் பிரச்சினையா?”

அதே சொல் தயாராக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது, எப்போதும் போல.

“ஆமாடா” என்றார் பூசைத்துரை.